லின் மாமியின் பல் செட்

“இது இவங்க இல்லல்லோ” என்றார் கிளார்க் சுகுமாரன். பதிவுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

புத்தகத்தில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு சீனக் கிழவி. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. மூக்கும் முகவாயும் ஒன்றையொன்று தொடப் பார்த்தன. மேசைக்கு இந்தப் பக்கம், என் பக்கத்து நாற்காலியில், இன்னொரு சீனக் கிழவி. உப்பின கன்னம், தூக்கலான மேலுதடு, மூடினாலும் முழுக்க மூடாத வாய்.

இரண்டு பேரும் ஒருவரே. லின் மாமி. நடுவில் நடந்தது என் கைவேலை.

அறையில் பசை வாசனை. தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது. எங்களுக்குப் பின்னால் சுவரோரம் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். விழிஞ்ஞத்துக் கடற்கரையில் வெயில் காய வந்து ஊருக்குப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட வெள்ளைக்காரர்கள் பாதி, மாணவர்கள் பாதி. வெளிநாட்டவர்களின் தங்கும் அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்கும் அலுவலகம் அது. மாமியின் அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது. முத்திரை விழாவிட்டால் இத்தனை நாளுக்குள் நாட்டை விட்டுப் போ என்று நோட்டீஸ் வரும்.

எங்கே போவது? மாமி சீனாவை விட்டுக் கப்பலேறியபோது அவருக்கு ஆறு வயது. பால் பல் விழும் வயது.

போன வாரம் நான் முதன்முதலாகப் பல் பிடுங்கிய பிரதாபத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: “நீங்கள் வெற்றி பெற்ற கதைகளையே எழுதுகிறீர்களே, சொதப்பியது ஒன்றும் இல்லையா?” இருக்கிறது, அம்மா. இந்த வாரம் அதுதான்.

மாமி ஆன விதம்

தொண்ணூறுகளின் பிற்பாதி. எங்கள் வீடு திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில். இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தார் லின் மாமி. கல்கத்தாவில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, கணவர் செருப்புக்கடை நடத்த நன்றாக இருந்தவர். அப்புறம் இரண்டு நாடுகளுக்கும் சண்டை வந்தது. கடை போயிற்று. புருஷன் பெண்டாட்டி இருவரையும் எங்கேயோ கொண்டுபோய் அடைத்து வைத்தார்கள்.

அந்த நாட்களைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது ஒரே வாக்கியம். “அங்கே சாதத்துல கல்லு ஜாஸ்தி.”

முதல் பல் அங்கேதான் உடைந்தது.

வெளியே விட்ட பிறகு ஊர் ஊராகப் போய், கடைசியில் திருவனந்தபுரம். நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டார்கள். கணவர் இறந்தார். மாமி பார்லரை நடத்தினார். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அக்கிரகாரத்து மாமிகள். அவர்களிடம்தான் தமிழ் கற்றார். அதனால் சீனத்துக் கண்ணும் கல்கத்தா கவுனுமாக நின்றுகொண்டு, “சித்தே இருங்கோ, தோ வந்துட்டேன்” என்பார். முதல் தடவை கேட்பவர்கள் திரும்பிப் பார்த்து, பேசியது யார் என்று தேடுவார்கள்.

எங்கள் தெருப் பெண்களின் ஆசாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் லின் மாமியிடம் முகத்தைக் கொடுப்பார்கள். புருவம், கன்னம், கழுத்து, மீசை எல்லாம் கொடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவர் மடியில் தலையைச் சாய்ப்பார்கள். அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். என் அம்மாவும் இதில் சேர்த்தி. “தாகமே இல்லை மாமி” என்பாள், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது.

ஆனால் கொடுப்பதில் தாராளம். நவராத்திரி, கோகுலாஷ்டமி என்றால் மாமிக்கு முறுக்கு, சீடை, தட்டை எல்லாம் பொட்டலம் பொட்டலமாகப் போகும். வாயில் ஒரு பல்கூட இல்லாதவருக்கு முறுக்கு கொடுக்கிறோமே என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை. மாமியும் “பேஷா இருக்கு” என்று சொல்லிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். தெருநாய்கள் அவரைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு பின்னால் போனதன் ரகசியம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நூல்

அத்தனை பல்லும் எப்படிப் போயிற்று?

அவரேதான் பிடுங்கிக்கொண்டார். புருவம் திருத்தும் அதே நூலால். பல் ஆட ஆரம்பிக்கும். ஈறு வீங்கும். ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு பார்லர் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே இழுப்பு.

“வலிக்கலையா மாமி?”

“புருவத்துக்கு வலிக்கலைன்னு எல்லாரிண்டயும் சொல்றேனே, அது மாதிரிதான்.”

டாக்டரிடம் போகாமல் இல்லை. பல் ஆட ஆரம்பித்த புதிதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சீட்டு எழுதும் ஜன்னலில் ரேஷன் கார்டு கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் வேறு ஏதாவது காகிதம் என்றார்கள். வெளிநாட்டவர் பதிவுப் புத்தகத்தைக் காட்டினார். ஜன்னலில் இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். கடைசியில், மேலதிகாரியிடம் கேட்க வேண்டும், அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரத்துக்குள் அந்தப் பல் நூலோடு வந்துவிட்டது.

கீழ்வரிசையின் கடைசிப் பல்லும் விழுந்த வருடம்தான் பதிவுப் புத்தகத்துக்குப் புதுப் படம் கேட்டிருக்கிறார்கள். எடுத்து ஒட்டினார். அதுதான் சுகுமாரன் என்னிடம் காட்டிய படம்.

வெள்ளையிலும் வெள்ளை

நான் பல் டாக்டராகி, கிழக்கேகோட்டையில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதன் சொந்தக்காரரைப் பெரிய டாக்டர் என்போம். குரலும் பெரிது, மேசையும் பெரிது. மேசையின் மேல் பிளாஸ்டிக்கில் ஒரு ராட்சசப் பல். நோயாளி சந்தேகம் கேட்டால் அந்தப் பல்லைத் தட்டிக் காட்டுவாரே தவிர பதில் சொல்ல மாட்டார்.

எனக்கு முழு பல் செட் ஒன்று தனியாகச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. மேலும் கீழும் பல்லே இல்லாத வாய் வேண்டும், கேள்வி கேட்காத நோயாளி வேண்டும். லின் மாமியை நானாகப் போய் அழைத்து வந்தேன். இலவசம் என்றேன். தொண்டு என்று நினைத்துக்கொண்டேன். பழகுவதற்கு ஒரு வாய் கிடைத்தது என்பது உண்மை.

“எனக்கு முறுக்கு கடிக்கணும், கோமதி. வேறெதுவும் வேண்டாம்” என்றார் மாமி.

“அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்றேன். அதற்குப் பிறகு அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை.

அளவெடுத்தேன். பற்களின் நிறம் தேர்ந்தெடுக்க ஒரு அட்டை உண்டு. வெள்ளையிலிருந்து பழுப்பு வரை வரிசையாக மாதிரிப் பற்கள் அதில் இருக்கும். எழுபது தாண்டியவருக்குக் கொஞ்சம் மங்கலாக வைப்பதுதான் முறை. பெரிய டாக்டர் வந்து முதல் பல்லைத் தட்டினார்.

“இது மதி, இது போதும். பேஷன்ட் சிரிச்சா ரோட்டில பஸ் நிக்கணும்.”

நானும் தலையாட்டினேன். பெரிய பற்களாக, ஒரே நேர்க்கோட்டில், பால் வெள்ளையாக அடுக்கினேன். போதாக்குறைக்கு உயரத்திலும் தப்பு செய்தேன். வாயை மூடும்போது மேல்தாடையும் கீழ்த்தாடையும் எவ்வளவு இடைவெளியில் நிற்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. என் கணக்கு ஒரு நூல் அதிகம். வாய்க்குள் ஒரு நூல் என்பது ஒரு மைல். மாமி பேசினால் பற்கள் டக் டக் என்று இடித்துக்கொண்டன. முகம் நீண்டுவிட்டது. உதடு மூடவில்லை.

எனக்கு இது ஒன்றும் கண்ணில் படவில்லை. “பதினஞ்சு வயசு குறைஞ்சுடுத்து மாமி!” என்றேன். பெரிய டாக்டர் கைதட்டினார். நர்ஸ் கைதட்டினாள். மாமி கண்ணாடியில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“நன்னா இருக்கு” என்றார். டக்.

பத்து நாள் கழித்து, அனுமதி புதுப்பிக்கும் அலுவலகத்தில் புதுக் கிளார்க் ஏதோ தகராறு செய்கிறார் என்று தெருவில் சேதி வந்தது. டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு, கிளினிக் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்றிதழோடு, மாமியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த மேசை

சுகுமாரன் கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்த நாற்காலிக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் மாமியை இருபது வருடமாகத் தெரிந்தவர், முகத்தைப் பார்க்காமலே முத்திரை குத்துவார். அவர் ஓய்வு பெற்றதோடு மாமிக்கு இந்த ஊரிலிருந்த ஒரே சாட்சி போயிற்று. புதியவர் எல்லையோரத்துக்காரர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும்.

சான்றிதழை நீட்டினேன். படித்தார்.

“டாக்டரே, நிங்கள் எழுதினது பல்லைப் பத்தி. எனக்கு வேண்டது ஆளைப் பத்தி.”

“ஆள் இவர்தான். நான் பிறந்ததிலேருந்து தெரியும்.”

“நிங்களுக்குத் தெரியும். புஸ்தகத்துக்குத் தெரியணுமே.”

“முன்னால பல் இல்லை, இப்போ பல் செட் இருக்கு. அதான் வித்தியாசம்.”

“வெப்புபல்லோ?” அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வழி கிடைத்துவிட்ட வெளிச்சம். “அப்போ பிரச்சினை இல்லை. ஊரிக் காட்டச் சொல்லுங்க. படம் மாதிரி இருந்தா சீல் வெச்சுத் தரலாம்.”

கழற்றிக் காட்ட வேண்டுமாம். அந்த அறையில், அத்தனை பேர் எதிரில்.

எனக்குக் கோபம் வந்தது. மூப்பு, மரியாதை, மனித உரிமை என்று எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளையெல்லாம் எடுத்து விட்டேன். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் லீவு என்றார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது மாமிக்காக மட்டும் இல்லை. என் முதல் படைப்பைக் கழற்றச் சொல்கிறானே என்றும்தான்.

மாமி என் கையைத் தொட்டார். “நீ சித்தே சும்மா இரு.”

பிறகு வாய்க்குள் விரலை விட்டார். மேல் செட், கீழ் செட் இரண்டையும் எடுத்தார். கைக்குட்டையில் பொதியவில்லை. கையில் வைத்துக்கொள்ளவும் இல்லை. சுகுமாரன் முன்னால் விரித்து வைத்திருந்த விண்ணப்பத்தின் மேல், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், எச்சில் வழிய வழிய வைத்தார்.

மேசை மேல் என் பற்கள் பளீரென்று சிரித்தன.

சுகுமாரன் நாற்காலியோடு பின்னால் போனார். “அய்யோ, அம்மச்சீ! அதை எடுக்கணும். எடுத்துப் போடணும்!”

கன்னங்கள் உள்ளே போய், மூக்கு இறங்கி, முகவாய் ஏறி, படத்திலிருந்த கிழவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் படத்தில் இல்லாதது. அது சுகுமாரனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நாந்தானே?” என்றார். பல்லில்லாத வாயில் அது வேறு என்னவோவாகக் கேட்டது. “ஷீல்... போழுங்கோ.”

சுகுமாரன் விண்ணப்பத்தின் ஒரு காய்ந்த மூலையைக் கண்டுபிடித்தார். புத்தகத்தை எடுத்தார். படத்தையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. முத்திரை விழுந்தது.

நல்ல நகைச்சுவை

அடுத்த நாள் கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்தில் இதை நான் நடித்துக் காட்டினேன். சுகுமாரன் நாற்காலியோடு பின்னால் போனதைக் காட்டியபோது நர்ஸுக்குப் புரையேறியது. பெரிய டாக்டர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். வருகிற நோயாளிகளுக்கெல்லாம் அவரே சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வாரத்தில் அவர் கதையில் அந்த அலுவலகத்துக்கு மாமியை அழைத்துப் போனவர் அவர்தான்.

பல் செட் வைத்தால் ஒரு வாரத்தில் வந்து காட்ட வேண்டும், புண் இருந்தால் உரசிச் சரிசெய்ய வேண்டும். மாமி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, என் புருவம் காடாகிவிட்டதால்தான் நான் பார்லருக்குப் போனேன். அக்கறையால் இல்லை.

மாமி வாயில் பல் இல்லை. கண்ணாடி அருகே ஒரு பவுடர் டப்பாவில் இருந்தது.

“ஏன் மாமி போட்டுக்கலை? அந்தக் கிளார்க் பண்ணினது மனசுல தங்கிடுத்தா?”

மாமி என் நெற்றியை அழுத்திப் பிடித்து நூலை ஓட்டினார். ஒரு புருவம் முடிந்தது.

“அந்தப் பையன் என்ன பண்ணினான்? ஆளைத் தெரியலைன்னான். எனக்கே தெரியலையே. கார்த்தால கண்ணாடி பார்த்தா யாரோ உக்காந்திருக்கா.”

“ஏன் சொல்லலை?”

“நீ சந்தோஷமா இருந்தே.”

விளக்கருகே அழைத்துப் போய் வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ் ஈறு நெடுக்க, என் உயரக் கணக்கு அழுந்திய இடத்தில், வெள்ளையாக மூன்று புண்கள். பழையவை, தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்ததில் ஆறாதவை. அந்தப் புண்களோடுதான் அவர் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். கழற்றி வைத்தபோது அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம்.

நான் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையில் சுகுமாரன் ஒரு கோமாளி. இன்னொரு கோமாளி யாரென்று அப்போதுதான் பார்த்தேன்.

கேட்டேன்

புண் ஆற மூன்று வாரம் விட்டேன். பிறகு ஒரு காலை நேரம், கிளினிக்கில் யாரும் வருவதற்கு முன், மாமியை உட்காரவைத்துக் கேட்டேன்.

“உங்களுக்கு எப்படி வேணும்?”

இத்தனை பெரிய படிப்பில் அந்த ஒரு கேள்வியை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அல்லது சொல்லித் தந்த அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

மாமி அதற்குத் தயாராக வந்திருந்ததுபோல் பேசினார். பல் சின்னதாக இருக்க வேண்டும். வெள்ளை கூடாது. டீ குடிக்கிறவளின் பல் எப்படி இருக்குமோ அப்படி. மேலே இடதுபக்கம் இரண்டாவது பல், முன்பல்லின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். “அவர் என்னைப் பெண் பார்க்க வந்தப்போ அதைத்தான் பார்த்துண்டே இருந்தார்.”

புதிதாகச் செய்தேன். உயரத்தை மூன்று தடவை சோதித்தேன். மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துக் காட்டியபோது, அந்த ஏறின பல்லை மாமி விரலால் தொட்டு, “இன்னும் ஒரு பொட்டு” என்றார். சாய்த்தேன். “போறும்.”

பெரிய டாக்டர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். “எந்தா கோமதி இது? மஞ்சளாட்டும் கோணலாட்டும்! நம்ம கிளினிக்கில் செய்ததுன்னு யாரிடமும் சொல்லிடாதே.”

“சொல்ல மாட்டேன் சார்” என்றேன். இன்றுவரை சொன்னதில்லை, உங்களைத் தவிர.

பல்லை வைத்த அன்று மாமி கைப்பையைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்தார். கடித்தார். அந்தச் சத்தத்துக்குக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முழுவதையும் தின்று முடித்துவிட்டு மாமி சொன்னார்:

“உங்க தெருவுல யாருக்கும் முறுக்கு பண்ணத் தெரியலை, கோமதி. ஒரே எண்ணெய்ச் சிக்கு. இத்தனை வருஷம் நாய்கள் என்ன பாடு பட்டிருக்கும்!”

சிரிக்கக் கூடாது

அடுத்த வருடமும் கூடப் போனேன். இந்த முறை கோட்டுப் போடவில்லை. சுகுமாரன் நாற்காலியில் நன்றாக ஊறிவிட்டிருந்தார். மாமியைக் கண்டதும் மேசையிலிருந்த காகிதங்களையெல்லாம் அவசரமாக ஓரத்துக்கு நகர்த்தினார்.

பிறகு மெதுவாக நிமிர்ந்து மாமியின் முகத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். “படம் பழசாயி. புதுசு ஒட்டணும்” என்றார். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாமி அதற்கும் தயார். போன மாதமே ஸ்டூடியோவில் எடுத்து வைத்திருந்தார். படத்தில் வாய் நிறையச் சிரிப்பு. மேலே இடதுபக்கம் அந்தப் பல் ஏறி உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. நான் அதைப் பெருமையோடு சுகுமாரனிடம் நீட்டினேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். “சிரிக்கான் பாடில்ல, டாக்டரே. வாய் மூடியிருக்கணும். பல் தெரியக் கூடாது. ரூல் ஆக்கும்.”

மறுபடி எனக்குள் பெரிய வார்த்தைகள் கிளம்பின. மாமி அதற்குள் எழுந்து ஸ்டூடியோவை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, “அம்மச்சி, வாயை மூடிக்கோங்க” என்றார். மாமி மூடினார். உதடு இரண்டும் இழுப்பில்லாமல், இயல்பாக ஒன்றையொன்று தொட்டன. பளிச்சென்று விளக்கு.

வெளியே வந்ததும் நான் பொருமினேன். “இத்தனை பாடுபட்டு, கடைசியில படத்துல ஒரு பல்கூடத் தெரியலையே மாமி!”

“உள்ளேதானேடி இருக்கு. அவாளுக்கு எதுக்குக் காட்டணும்?”

நாலு பிரதி கொடுத்தார்கள். மூன்று சர்க்காருக்குப் போயிற்று. ஒன்றை மாமி என்னிடம் கொடுத்தார், இன்னும் வைத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்க்கும் ஒரு சீன அம்மாள். என் தொழிலில் நான் செய்த மிக நல்ல வேலை அந்தப் படத்தில்தான் இருக்கிறது. யாராலும் பார்க்க முடியாது.